அவர் கதாநாயகனாக நடித்த ஒரே படம்

என் மனைவிக்கு டயாலிசிஸ் தொடங்கிய ஏழாவது மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அந்தப் படம் எங்கள் கைக்கு வந்தது. நாங்கள் தேடிப் போகவில்லை. போனில் அவள் பார்த்துக்கொண்டிருந்த துப்பறியும் தொடர் ஒன்று முடிந்தது. அடுத்து என்ன போடலாம் என்று நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, போன் தானாகவே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஓட்ட ஆரம்பித்துவிட்டது.

"வேற போடட்டா?" என்று கேட்டேன்.

"இருங்க. இந்த ஆள் யாரு? நமக்குத் தெரிஞ்ச மூஞ்சியா இருக்கே" என்றாள்.

தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடி. எட்டுக் கட்டில்கள், எட்டு மிஷின்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு நாங்கள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஆட்டோவில் வந்துவிடுவோம். அவளுடைய இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி, உடம்பில் இருக்கும் ரத்தத்தை எல்லாம் மிஷினுக்குள் சுற்றவிட்டுத் திரும்ப அனுப்புவார்கள். நான்கு மணி நேரம். முதல் இரண்டு மணி நேரம் பேசிக்கொண்டிருப்பாள். மூன்றாவது மணி நேரத்தில் குளிரும், கெண்டைக்கால் இழுக்கும். அந்த நேரத்தைக் கடத்தத்தான் போன். ஆளுக்கு ஒரு காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு நான் உட்கார்ந்துகொள்வேன். கூட இருப்பவர்களை உள்ளே விடக்கூடாது என்பது விதி. காட்டூரிலிருந்து ஸ்கூட்டியில் வரும் டெக்னீஷியன் பெண் எங்களை மட்டும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

அந்த நடிகரை எல்லாருக்கும் தெரியும். பெயர்தான் தெரியாது. நாங்கள் பள்ளிக்கூடம் படித்த காலத்துப் படங்களில் டாக்டராக வந்து, "இருபத்து நாலு மணி நேரம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்" என்று கண்ணாடியைக் கழற்றுவார். ஜட்ஜாக வந்து சுத்தியலைத் தட்டுவார். இரண்டு வசனம், மூன்றாவதற்கு வாய்ப்பு இருக்காது. அகன்ற முகம், ஏறிய நெற்றி, லேசான தொப்பை. அப்பேர்ப்பட்டவர் இந்தப் படத்தில் முதல் காட்சியிலிருந்து வந்துகொண்டே இருந்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் இவரேதான் கதாநாயகன் என்பது எங்களுக்கு விளங்கியது. பிறகு தேடிப் பார்த்ததில், அவர் கதாநாயகனாக நடித்தது அந்த ஒரே படம்தான் என்று தெரிந்தது. படம் ஓடியதாகத் தெரியவில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களில் சினிமாப் பைத்தியங்கள் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.

கதை இதுதான். அவர் ஓர் அலுவலகத்தில் சாவிக்கொத்துக்குப் பொறுப்பான குமாஸ்தா. மனைவி ரயிலேறி அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையின் மேல் பட்டன்களைக் கழற்றும்போது டெலிபோன் அடிக்கிறது. எடுக்கிறார். எதிர்முனையில் என்ன பேசுகிறார்கள் என்று நமக்குக் கேட்காது. அவர் முகமும் பெரிதாக மாறாது. ஆனால் கேட்டுக்கொண்டே, கழற்றிய பட்டன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறார். கழுத்துப் பட்டன் வரைக்கும். வாசலில் யாரோ பெரிய மனிதர் வந்து நிற்பதைப்போல.

என் மனைவி இயர்போனைக் கழற்றாமலே, "அப்பா!" என்றாள். மூச்சு விடுவது போல இருந்தது அது.

அவள் சாதாரண ரசிகை இல்லை. இருபத்தெட்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமான புதிதில் தியேட்டருக்குப் போனால், இடைவேளையில் கொலைகாரன் யார் என்று டிக்கெட்டின் பின்பக்கம் எழுதி மடித்து என் சட்டைப் பையில் போட்டுவிடுவாள். படம் முடிந்து வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

நான் துவாக்குடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். பாய்லர் குழாய்களை வெல்டிங் செய்து எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் வைத்து எங்கே விரிசல், எங்கே ஓட்டை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. முப்பது வருஷம் அதைச் செய்தவனுக்கு எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் தெரியும். அந்தப் படத்தில் குறைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு சுவரில் மைக்கின் நிழல். வில்லனின் இருப்பிடம் கல்யாண வீடு மாதிரி சீரியல் பல்ப் போட்டு மின்னுகிறது. நடுவில் இரண்டு வேலைக்காரர்களின் காமெடி, ஒரு ஹோட்டல் டான்ஸ். காரின் கதவு ஒரு காட்சியில் நசுங்கியிருக்கிறது, அடுத்ததில் புதுசாக இருக்கிறது. நான் இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"தப்பு பாத்தது போதும். அவனைப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். காமெடி முடிந்து, டான்ஸ் முடிந்து, அந்த மனிதர் திரும்ப வந்ததும் படம் படமாகிவிடுகிறது. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். புகார் கொடுத்தால் மனைவியைக் கொன்றுவிடுவோம் என்று அவளைக் கடத்தியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தும் கால் அவரை அங்கே கொண்டுவந்துவிட்டது. சொல்லலாமா வேண்டாமா என்று உட்கார்ந்திருக்கிறார். வசனம் இல்லை. இசைகூட இல்லை. ஒரு கான்ஸ்டபிள் வந்து "என்ன வேணும்?" என்கிறார். இவர் எழுந்து நின்று, "மணி என்னங்க?" என்று கேட்டுவிட்டு வெளியே போகிறார். அவ்வளவுதான்.

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இந்த ரூமுக்கு வெளிய உக்காந்திருந்தீங்கல்ல, அன்னைக்கு எனக்கு ஊசி சரியா ஏறாதப்போ. இப்படித்தான் இருந்தீங்க. கதவு சந்துல பாத்தேன்" என்றாள்.

நான் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் நெருக்கிப் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டாள். வீட்டில் பார்க்கக் கூடாது, இங்கே மட்டும்தான். ஒரு தடவைக்கு அரை மணி நேரம். தனியாக யாரும் பார்க்கக் கூடாது. "இங்க வர்றதுக்கு ஒரு காரணம் இருக்கட்டுமே" என்றாள்.

மாற்றுச் சிறுநீரகத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும். முதலில் நான்தான் கொடுப்பதாக இருந்தது. ரத்தப் பிரிவு பொருந்தியது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். டெஸ்ட் எடுத்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அதுவும் பல வருஷமாக இருந்திருக்கிறது. என் சிறுநீரகமே கொஞ்சம் கெட்டிருக்கிறது என்றார் டாக்டர். அடுத்தவர் வெல்டிங்கில் தலைமுடி அளவு விரிசலைக் கண்டுபிடித்தவனுக்குத் தன் உடம்பில் இருந்தது தெரியவில்லை. மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். "நான் தரேம்மா" என்று அழுதாள். இவள் அவளைப் பேசவே விடவில்லை. "அப்படி ஒண்ணு நடந்தா மிஷினுக்கே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

மிச்சம் இருந்தது அவள் தம்பி. மருங்காபுரிப் பக்கம் மானாவாரி நிலம், கடலையும் சோளமும் போடுகிறவன். சேதி கேட்டதும் தானாகவே வந்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் அக்காவின் காலடியில் உட்கார்ந்து, "எங்கிட்ட ரெண்டு இருக்குல்லக்கா, ஒண்ணை எடுத்துக்க" என்றான். ஒரு கிளாஸ் மோர் தருவதைப்போலச் சொன்னான். முதல் கட்டப் பரிசோதனை எல்லாம் பொருந்தியது. அடுத்த கட்டத்துக்குத் தேதி வாங்கினோம். அன்று அவன் வரவில்லை. மறு தேதிக்கும் வரவில்லை. அப்புறம் போனை எடுப்பதை நிறுத்திவிட்டான்.

"தம்பி என்ன சொல்றான்?" என்று அவள் கேட்பாள்.

"சிக்னல் இல்லாத காட்டுல இருக்கான். வந்துடுவான்" என்று நான் சொல்வேன்.

ஒரு மாதம் இப்படிப் போனது. ஒரு புதன்கிழமை, பழைய ஆபீசில் ஒரு கையெழுத்து போட வேண்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு, நானே பஸ் ஏறி மருங்காபுரிக்குப் போனேன்.

காட்டில்தான் இருந்தான். கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். என்னைத் தூரத்தில் பார்த்ததும் நிமிர்ந்தவன், திரும்பவும் குனிந்துகொண்டான். பக்கத்தில் போய் நின்றேன். வேப்ப மரத்தடிக்குக் கூட்டிப்போனான். கையிலிருந்த மண்ணைத் தட்டினான். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.

"மாமா, நான் மாட்டேன்னு சொல்லல" என்றான்.

"சரி மாப்ள."

"ரெண்டும் பொம்பளப் புள்ளைங்க. அவ தாலியக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறா மாமா. ‘கையெழுத்துப் போடுறதுன்னா இதையும் கொண்டுபோய்க் குடுத்துட்டு வா’ங்கிறா. நான் மூட்டை தூக்கிப் பொழைக்கிறவன். நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா…"

அவன் முடிக்கவில்லை. நாற்பத்தாறு வயது ஆள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதான். திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவன் சொன்னதில் எதைத் தப்பு என்று சொல்வது? அவன் மனைவியின் இடத்தில் இருந்தால் என் மகளும் அதைத்தான் செய்வாள். அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். திட்டப் போனவன் ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பச்சைக் கடலையைக் கொண்டுவந்து கையில் திணித்தான். "அக்காவுக்குப் புடிக்கும் மாமா. அவிச்சுக் குடுங்க." அவளுக்குக் கடலை ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று எழுதியே கொடுத்திருக்கிறார்கள்; குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. அதையும் அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் கடலைப் பை. அவளிடம் என்ன சொல்வது என்று யோசிக்க யோசிக்கத் தலைக்குள் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அப்போதுதான் அந்தத் தப்பைச் செய்தேன். போனை எடுத்து, படத்தில் நாங்கள் நிறுத்திய இடத்திலிருந்து ஓடவிட்டேன். யாராவது ஒருவர் எதையாவது செய்து முடிப்பதைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அந்த மனிதர் கடைசியில் ஜெயிக்கிறாரா என்று தெரிய வேண்டியிருந்தது.

அவர் ஜெயிக்கவில்லை. வில்லன்கள் கேட்ட சாவியை அலுவலகத்திலிருந்து திருடிக் கொடுக்கிறார். வழியில் ஒருவனை அடிக்கிறார். அடிக்கத் தெரியாதவர் அடிப்பதைப்போல, கண்ணை மூடிக்கொண்டு. ஒவ்வொரு தடவை போன் வரும்போதும் மனைவியின் குரலைக் கேட்க வேண்டும் என்கிறார். அவர்களும் கேட்க வைக்கிறார்கள். கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு பம்ப்செட் ரூமுக்குப் போகிறார். அங்கே ஒரு டேப் ரெக்கார்டர் இருக்கிறது. அவள் முதல் நாளே செத்துப்போய்விட்டாள். இவ்வளவு நேரம் அவர் பேசியது நாடாவோடு.

அந்த அறைக்குள் நுழைவதற்கு முன் அவர் ஒன்று செய்கிறார். உள்ளே பார்க்கிறார். தெரிந்துவிடுகிறது. உடனே உள்ளே ஓடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போகிறார். அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, ரயில் எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கிறார். அழவில்லை. அதற்கப்புறம் போலீஸ் வந்து, வில்லனைப் பிடித்து, நீதி வெல்லும் என்று ஒரு குரல் சொல்லிப் படம் முடிகிறது. அதை எவரோ தயாரிப்பாளர் சொல்லி ஒட்டியிருக்க வேண்டும்.

பஸ் பஞ்சப்பூர் தாண்டியதுகூட எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் தோளைத் தட்டினார்.

கடலைப் பையை எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் சொன்னேன்: "உன் தம்பி போன் பண்ணான். கடலை பிடுங்குறாங்களாம். அது முடிஞ்சதும் டெஸ்ட்டுக்கு வரேன்னான்."

"அப்படியா, நல்லது" என்றாள்.

வெள்ளிக்கிழமை. ஊசி குத்தி மிஷின் ஓட ஆரம்பித்தது. இரண்டு மணி நேரம் கழித்துப் படத்தைப் போட்டேன். நாயகன் மாமியாருக்குப் போன் செய்து, "உங்க பொண்ணு இங்கதான் இருக்கா, டிக்கெட் கிடைக்கல, அடுத்த வாரம் வருவா" என்று சிரித்துக்கொண்டே பொய் சொல்லும் காட்சி. குரல் சிரிக்கிறது, கண் போன் வயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அடுத்தது, மனைவியின் குரல் கேட்கும் காட்சி.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்க" என்றாள்.

போனேன். இன்னொரு தடவை கேட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது தடவை.

"இந்த அம்மா செத்துட்டா" என்றாள்.

"என்ன சொல்ற?"

"முன்ன பேசினப்பவும் ‘என்னங்க, நான் நல்லா இருக்கேன்’னுதான் சொன்னா. இப்பவும் அதேதான். அதே இடத்துல மூச்சு வாங்குறா. இவன் கேக்குற எதுக்கும் அவ பதில் சொல்லவே இல்ல. இது டேப்பு."

"அப்படியெல்லாம் இருக்காது. கடைசியில வந்துடுவா பாரேன்" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

அவள் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தாள். வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனைப் பார்ப்பதைப்போல, கோபமே இல்லாமல், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நீங்க சொல்றது படத்தையா, என் தம்பியையா?"

மிஷினில் ரத்தத்தைத் தள்ளும் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தேன்.

"உங்களுக்கு நடிக்க வராதுங்க" என்றாள். "அவன் பொண்டாட்டி எனக்குப் போன் பண்ணி எட்டு நாள் ஆச்சு. ‘மன்னிச்சுக்கங்க அண்ணி’ன்னு அழுதா. நான்தான் உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னேன். நீங்க நம்பிக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். புதன்கிழமை எங்க போனீங்கன்னும் தெரியும். வேட்டியில கடலைச் சருகு ஒட்டியிருந்துச்சு."

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா நீங்க சொல்ல வேண்டி வரும்ல."

பக்கத்துக் கட்டிலில் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் இயர்போனைச் சரிசெய்துகொண்டு, "போடுங்க. முடிவைப் பாத்துடுவோம். அவ செத்துட்டான்னு எனக்குத் தெரியும். அது தெரியும்போது இந்த ஆள் என்ன பண்றான்னுதான் பாக்கணும்" என்றாள்.

போட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அடித்ததைப் பார்த்து, "பாவம், கை வலிச்சிருக்கும்" என்றாள். பம்ப்செட் ரூமின் வெளிப்புறம் திரையில் வந்தது. அவர் சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினார்.

அவள் கை என் கையிலிருந்து நழுவியது. "ஒரு மாதிரி வருதுங்க" என்றாள். உதடு வெளுத்துவிட்டது. மிஷின் கத்த ஆரம்பித்தது. டெக்னீஷியன் பெண் ஓடிவந்தது. "பிரஷர் எறங்கிடுச்சு, சார் நீங்க வெளிய இருங்க, கால் மாட்டைத் தூக்குங்க யாராவது, சலைன் எடு!" யாரோ திரையை இழுத்தார்கள். யாரோ என்னை நகர்த்தினார்கள். இயர்போன் ஒன்று என் காதிலேயே இருந்தது, மற்றொன்று தரையில் இழுபட்டது. என் காதில் அந்தக் குரல் நீதி வெல்லும் என்று சொல்லி முடித்தது எனக்கு மட்டும் கேட்டது.

வெளியே நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. உட்கார்ந்தேன். எழுந்தேன். அந்த மனிதரைப்போல மணி கேட்பதற்குக்கூட அங்கே யாரும் இல்லை. முப்பது வருஷம் சம்பளம் வாங்கினேன், வீடு வாங்கினேன், மகளைக் கட்டிக்கொடுத்தேன். எல்லாம் நான் செய்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குச் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கதவில் ஒரு ஸ்டிக்கர் பாதி பிய்ந்திருந்தது. அதை ஒட்ட முயன்றேன். ஒட்டவில்லை.

இருபது நிமிடம் கழித்து அந்தப் பெண் வந்து, "இப்ப பரவால்ல, வாங்க" என்றது.

அவள் கண் திறந்திருந்தாள். குரல் மெல்லியதாக இருந்தது. "அப்புறம் என்ன ஆச்சு?"

"பிரஷர் எறங்கிடுச்சாம். சலைன் ஏத்தியிருக்காங்க."

"அது இல்ல. அந்த ஆள் உள்ள போனானா?"

"அடுத்த வாரம் பாக்கலாம். தூங்கு."

"சொல்லுங்களேன்."

சொன்னேன். டேப் ரெக்கார்டர் இருந்தது, அவள் செத்துக் கிடந்தாள், போலீஸ் வந்தது என்று சொன்னேன்.

"கதையச் சொல்லாதீங்க. கதை எனக்கே தெரியும். அவன் என்ன பண்ணான்?"

"செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள போனான்."

"எப்படிக் கழட்டினான்?"

எனக்குப் புரியவில்லை. "எப்படின்னா? கழட்டினான். ஜோடியா வெச்சான்."

"குனிஞ்சா? நின்னுக்கிட்டேவா?"

நான் எழுந்து நின்றேன். அந்த அறையில் யாரும் செருப்புப் போட்டுக்கொள்ளக் கூடாது, வெறுங்கால்தான். இல்லாத செருப்பை ஒரு காலால் மற்றொரு காலிலிருந்து தள்ளிப் பார்த்தேன். அது இல்லை. குனிந்து பார்த்தேன். அதுவும் இல்லை. அந்த மனிதர் முகத்தில் என்ன இருந்தது, தோள் எப்படி இறங்கியது, எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என் உடம்பில் அது வரவில்லை. எட்டுக் கட்டில்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் தடுமாறி நின்றேன். டெக்னீஷியன் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டது.

"சரி விடுங்க, விழுந்துடப் போறீங்க" என்றாள். அவள் கண்ணோரத்தில் தண்ணீர் இருந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

திரும்பும் ஆட்டோவில் கடலைப் பையைப் பற்றியும் அவளிடம் சொல்லிவிட்டேன். அன்று மாலை வீட்டுக்கு வந்து படுத்தபடியே தன் தம்பிக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. அவன் மனைவி போனுக்கு அடித்தாள். "அவன்கிட்ட குடு" என்றாள். "டேய், கடலை நல்லா இருந்துச்சுடா. அவிச்சுத் தின்னோம். பசங்க ஸ்கூலுக்குப் போவுதுங்களா? தீபாவளிக்கு எல்லாரையும் கூட்டிக்கிட்டு வரணும், ஆமா" என்றாள். எதிர்முனையில் அவன் பேசினானா என்று எனக்குத் தெரியாது. அவள் ரொம்ப நேரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்… ம்… அதனால என்னடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப்போல் இல்லை அவள். அவளுக்கு நடிக்க வந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை படத்தைத் தேடினேன். இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம், காணொளி நீக்கப்பட்டது என்று ஒரு வரி. யாரோ உரிமை கேட்டிருப்பார்கள். படத்துக்குக் கீழே கருத்து எழுதியிருந்த மூன்று பேரும் அதோடு போய்விட்டார்கள். சிங்காரத்தோப்பில் பழைய சிடி விற்கும் கடை ஒன்று இன்னும் இருந்தது. படத்தின் பெயரை எழுதிக் காட்டினேன். கடைக்காரர் நெற்றியைத் தேய்த்து, "அந்தப் பேர்ல கலர்ப் படம்தான் சார் இருக்கு, அது வேற" என்றார். அந்த நடிகருக்குக் குடும்பம் இருக்கிறதா, யாரிடமாவது பிரதி இருக்குமா என்று விசாரித்துப் பார்த்தேன். அவர் இறந்து பல வருஷம் ஆகிறது என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அவளிடம் சொன்னேன். "அவ்வளவு நல்லா பண்ணிட்டு, மறுபடி டாக்டர் வேஷத்துக்கே போயிட்டான் பாருங்க" என்றாள். அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அரசின் பட்டியலில் அவள் பெயரைப் பதிந்திருக்கிறோம். மூளைச் சாவடைந்த யாராவது ஒருவருடைய குடும்பம் சம்மதித்தால், வரிசைப்படி கூப்பிடுவார்கள். மூன்று வாரத்துக்கு முன்பு, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குக் கூப்பிட்டார்கள். "எதுவும் சாப்பிடாம, தண்ணிகூடக் குடிக்காம உடனே வாங்க. நீங்க ரெண்டாவது ஆள். முதல் ஆளுக்குப் பொருந்தலைன்னா உங்களுக்கு."

ஓடினோம். ரத்தம் எடுத்தார்கள். ஒரு வராண்டாவில் உட்கார வைத்தார்கள். எதிர் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், இருபத்து நான்கு இருபத்தைந்து வயதிருக்கும், தன் அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் கையிலும் டயாலிசிஸ் ஊசி ஏற்றும் இடத்தில் அதே புடைப்பு, அதே தழும்பு. அவள்தான் முதல் ஆள் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அவளுடைய அப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பொருந்தக் கூடாது என்று வேண்டிக்கொள்ள வாய் வரவில்லை. பொருந்த வேண்டும் என்று வேண்டிக்கொள்ள மனசு வரவில்லை. பத்து மணி, பன்னிரண்டு மணி, இரண்டு மணி. என் மனைவி அந்தப் பெண்ணை அருகே அழைத்து, எந்த ஊர், என்ன படித்திருக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிஎஸ்சி கணக்கு என்றாள் அந்தப் பெண். அப்புறம் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்லை.

மூன்றே காலுக்கு ஒரு நர்ஸ் வந்து அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவளுடைய அப்பா எழுந்தார், எங்கள் பக்கம் திரும்பினார். கைகூப்பினார். நானும் கைகூப்பினேன்.

"போயிட்டு வா கண்ணு" என்றாள் என் மனைவி.

எங்களிடம் வந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்வதற்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. வெளியே வெயில் இறங்கியிருந்தது. காலையிலிருந்து அவள் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. ஆட்டோவில் காவிரிப் பாலத்தில் நெரிசல். வண்டி நகரவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்திருந்ததைப் பார்த்தபடி, "காபி வேணும்" என்றாள்.

"அரை டம்ளர்தான்" என்றேன்.

"சரி."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.